உதடு ஒட்டாத வார்த்தை

"நிறுத்துங்கம்மா. உதடு ஒட்டலை," என்றார் டப்பிங் இயக்குநர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் ஹெட்போனைக் கழற்றினாள். கார்ட்டூன் இளவரசிக்குக் குரல் கொடுப்பவள். திரையில் இளவரசி அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால் செத்தவர்கள் குழியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

இயக்குநர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். வசனம் எழுதுபவர். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் புலவர்.

"நேத்து ஒத்திகையில 'பிணம் வருது, ஓடு'ன்னுதானே இருந்தது? இன்னிக்கு என்ன, 'அழன் வருது'?"

"பிணத்துக்குப் பழைய பேர். நிகண்டுல இருக்கு. மாயாஜாலக் கதைக்கு எடுப்பா இருக்கும்."

"பாக்கப்போறது சின்னப் பிள்ளைங்க. நிகண்டை மடியில வச்சுக்கிட்டா பாக்கும்? திரையில இளவரசி உதடு ஒட்டுது. அழன்ல எங்கய்யா உதடு ஒட்டுது?"

"எனக்கே நாக்கு சுளுக்குது சார். புலவர் செய்யுள்லதான் குறட்டை விடுவார் போல," என்றாள் அவள் உள்ளேயிருந்து.

ஒலிப்பதிவாளர் சிரித்தார். புலவரும் சிரித்து வைத்தார்.

அவள் கண் மறுபடி ஸ்டாண்டில் இருந்த போனுக்குப் போனது.

"அதை வெளியில வைக்கச் சொன்னேன்ல?"

"இன்னிக்கு மட்டும் சார்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க." இயக்குநர் புலவரிடம் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குச் சேனலுக்குப் போகணும். மாத்தும். இல்லைன்னா அடுத்த பாகத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"வேற ஆளையே பாருங்க. இது மட்டும் இருக்கட்டும்."

"என்னய்யா வீம்பு இது?"

உள்ளே போன் அதிர்ந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி எடுத்தாள். அந்த அறையில் மூச்சு விட்டால்கூட மைக்குக்குக் கேட்கும். அதை யாரும் மூடவில்லை.

இங்கே ஸ்பீக்கரில் ஒரு ஆணின் குரல் வந்தது. "ஸ்டேஷன்லேருந்து பேசறேம்மா. ஆத்துல இன்னொரு பிணம் ஒதுங்கியிருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் வயசுதான் இருக்கும். வந்து பாத்துச் சொல்லுங்க."

"நேத்துக் காட்டினது அவர் இல்லைன்னு சொன்னேனே."

"இது வேற பிணம்மா."

ஒலிப்பதிவாளரின் கை தாமதமாகப் போய் மைக்கை மூடியது.

இயக்குநர் புலவர் பக்கம் திரும்பினார்.

"நேத்து மதியமும் மைக்கை யாரும் மூடலை. நான் மட்டும் இங்க இருந்தேன்," என்றார் புலவர்.

அவள் கைப்பையோடு வெளியே வந்தாள். "சார், ஒரு சின்ன வேலை. போயிட்டு ஓடி வந்துடறேன். அதுக்குள்ள அந்த வார்த்தையை மாத்தி வச்சிடுங்க."

இயக்குநர் திரையைப் பார்த்தபடி சொன்னார். "முடியாதும்மா. புலவர் பிடிவாதமா இருக்கார். உதடு தெரியாம படத்தை வெட்டிக்கறேன்."

அவள் கதவில் கை வைத்துக்கொண்டே புலவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு வார்த்தைதான் பெரிசு. சொல்ற மனுஷி எப்படிப் போனா என்ன?"

"ஆமாம்மா," என்றார் புலவர்.