பதில் கேட்காமல் பேசுகிறவன்

வெள்ளைக்காரக் கம்பெனி கம்பி இழுத்து வாடகைக்கு மாட்டும் ரேடியோ பெட்டிக்கு லாகோஸ் ஜனங்கள் வைத்த பெயர், 'பதில் கேட்காமல் பேசுகிறவன்'. அபேனி வீட்டு மாடிச் சுவரிலும் ஒருவன் தொங்கினான். மத்தியான நிகழ்ச்சி முடிந்து அவன் வாயை மூடியதும், அபேனியும் எதிர்வீட்டு ரலியாவும் வாயைத் திறந்தார்கள்.

"கீழ் ரூம்ல இருக்கிற உன் மாமியாருக்கும் தனிப் பெட்டி வேணுமாமே?" அகாரா வடையை மென்றபடி கேட்டாள் ரலியா.

"ரெண்டு வாடகை யாரு கட்டுறது? முடியாதுன்னுட்டேன். அவர் மூச்சே விடலை."

"உன் புருஷன் லாடிப்போ ஆம்பளையா, தலையாட்டுற பொம்மையா?"

"பொம்மைதான். இன்னிக்கு பாரு, கிழவி என் பவள மாலையைத் திருடிட்டான்னு அழப்போறேன். மாலையை அவ தலகாணிக்கு அடியில வச்சாச்சு. நாளைக்கே அவளை லாரி ஏத்தி சொந்த ஊரு அபேயோகுட்டாவுக்கு அனுப்பிடுவாரு."

"அடி கள்ளி!" ரலியா தொடையில் தட்டிச் சிரித்தாள்.

சுவர்ப் பெட்டி கரகரத்தது.

"அபேனி" என்றது. மாமியாரின் குரல்.

ரலியாவின் வாயிலிருந்த அகாரா மடியில் விழுந்தது.

"ரெண்டாவது வாடகை வேணாம்னு, நீ சந்தைக்குப் போனப்ப லாடிப்போ உன் பெட்டியிலேர்ந்து ஒரு வயர் இழுத்து, எனக்கும் ஒரு பெட்டி மாட்டிக் குடுத்தான். நிகழ்ச்சி இல்லாதப்ப அங்க பேசுறது இங்கயும், இங்க பேசுறது அங்கயும் கேட்குதும்மா."

அபேனி பதறிப்போய்ப் பெட்டியின் மேல் தலைத்துணியைப் போட்டு அமுக்கினாள். துணிக்குள்ளிருந்து இப்போது வந்தது, அம்மாவோடு சாப்பிட வந்திருந்த பொம்மையின் குரல்.

"லாரிக்கு நானே சொல்லிடுறேன். நீ உன் துணிமணியை எடுத்து வை."