கோட்டையின் குசினி

செலஸ்ரீனா மீன்குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் பல்கணியில் வைத்தாள்.

போதாது என்று பட்டது. திரும்பப் போய் ஒரு துவாயால் மூடினாள்.

முந்தி இந்த வீட்டை வாங்கவென்று பார்க்க வந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டே இறங்கிப் போனாள். இன்று வருகிறவருக்கு ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் மீன் சாப்பாட்டுக் கடை இருக்கிறதாம். தரகர் சொன்னது அவ்வளவுதான்.

ஜன்னலைத் திறந்தாள். வியா மக்வேதா தெருவின் இரைச்சல் உள்ளே வந்தது. மூடினாள்.

வீடு கை மாறினால் அவள் சமைக்கிற குசினியும், அதற்குப் பின்னால் அவள் படுக்கிற அறையும் கை மாறும். இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ அனுமதியும் இந்தச் சமையல் வேலையோடு ஒட்டியதுதான்.

விறாந்தையில் கோட்டைப் படம் சரிந்து தொங்கியது. நேராக்கினாள்.

இந்த வீட்டுக்காரி, செத்துப்போன சின்யோரா, இங்கிலாந்துக்காரி. அது அவவின் முன்னோர் ஒருகாலத்தில் ஆண்ட கோட்டை. கதை சொல்லி அலுக்காது அவவுக்கு. அரசன் கட்டினான். பிரபு ஒருவன் பிடுங்கினான். பிரபுவின் தலை போனது. விதவை கம்பளி வியாபாரிக்கு விற்றாள். வியாபாரியின் பேரன் சூதில் தோற்றான்.

கடைசியில் எப்போதும் ஒரே ஆறுதல்தான் சொல்லுவா. சொந்தக்காரர்கள் மாறினார்கள், சமையல்காரி மாறவில்லை. வந்த ஒருவனுக்கும் முட்டை அவிக்கக்கூடத் தெரியாது.

வாசல் கதவு திறந்தது.

தரகரின் சப்பாத்துச் சத்தம் விறாந்தையில் வந்தது. கூட வந்தவரின் காலடி கேட்கவே இல்லை.

எட்டிப் பார்த்தாள். வாசலோரம் ஒரு சோடி சப்பாத்து, கழற்றி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

எங்கடை ஆள்!

அவளுக்கு மூச்சு வந்தது.

“அக்கா, நான் றஞ்சித். மீன்குழம்பு மணக்குது, எங்கை ஒளிச்சு வச்சிருக்கிறியள்?”

வாய்விட்டுச் சிரித்தாள். ஓடிப்போய்ச் சட்டியை எடுத்துவந்து அடுப்பில் வைத்து மூட்டினாள். அகப்பையையும் அவளே நீட்டினாள்.

அவன் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினான். கண்ணை மூடி யோசித்தான்.

“புளி சரி. உப்புத்தான் காணாது.”

அவளைக் கேளாமலே கை நீட்டி உப்புப் போத்தலை எடுத்தான். ஒரு கிள்ளுப் போட்டான். அகப்பையால் கிண்டவில்லை, சட்டியின் விளிம்பைத் துவாயால் பிடித்து, மீன் உடையாமல் ஒரு சுற்றுச் சுற்றினான். நெருப்பைத் தணித்தான்.

நன்றாகப் பழகிய கை. கோட்டைக்கு வந்தவர்களைப் போல இல்லை.

செலஸ்ரீனாவின் சிரிப்பு மெல்ல நின்றது.