நான்காவது டயோடு

"இன்னைக்காவது நீ சூடாவியா?" என்று ரேடியோ அலைகளைக் கலக்கும் மிக்சர் பலகை, மேசையில் பக்கத்தில் கிடந்த சால்டரிங் அயர்னைக் கேட்டது. வீட்டிலேயே ரேடியோ செய்யப் புறப்பட்ட ஞானவரதன் அதன் நான்கு டயோடுகளில் மூன்றைப் பற்றவைத்ததோடு நிறுத்தி ஒரு வருடமாகிவிட்டது. நான்காவதும் சேர்ந்தால்தான் பலகை வழியாக ஒரு வானொலி நிலையமாவது பேசும்.

"புதுப் புத்தகம் வந்திருக்கு. முழுசாப் படிச்சுட்டுத்தான் உன்னைத் தொடுவாராம்," என்றது அயர்ன்.

"போன தடவையும் இதேதானே சொன்னே?"

"அது வேற புத்தகம்டா."

பலகை பழைய புத்தகத்திடம் கெஞ்சியது. "அண்ணே, பக்க அடையாளத்துக்கு உங்க வயித்துல சொருகினாரே, அது என்னோட டயோடு. ஒரு தடவை விரிச்சுக் காட்டுங்களேன்."

"எப்படிடா காட்டுறது? மிக்சர் அத்தியாயத்துல சொருகி மூடினவர் அப்புறம் திறக்கவேயில்லை."

ஞானவரதன் வந்தார். பழைய புத்தகத்தைப் பலகையின் மேல் வைத்து, அதில் புதிய புத்தகத்தைச் சாய்த்து, முதல் பக்கத்தைத் திருப்பினார்.