இரண்டு குழாய்கள் தொடும் இடம்

ஜப்பானின் ட்ஸுகுபா ஆய்வுக்கூடத்தில் பிற்பகல் மூன்று மணி. ஜன்னலின் கறுப்புத் திரையை இழுத்து மூடியிருக்கிறார்கள். நுண்ணோக்கித் திரையின் சாம்பல் வெளிச்சம் மட்டும் ஆய்வாளர் சிஸுருவின் கன்னத்தில் விழுகிறது. முடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய இரண்டு கார்பன் நானோகுழாய்கள் அங்கே ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கின்றன. தொட்டுக்கொண்டிருக்கின்றன, ஆனால் ஒட்டவில்லை. அந்த இடத்தில் எலக்ட்ரான் கற்றையைச் சரியான நேரம்வரை படவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்; இப்படி ஒட்டி ஒட்டித்தான் மின்சாரம் ஓடும் ஒரு வலையைப் பின்ன வேண்டும். நேரம் கொஞ்சம் கூடினால் அறுந்துபோகும். இந்த வாரம் பதினொரு ஜோடிகள் அறுந்துவிட்டன. கைவசம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு ஜோடிதான். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் இசோகாய் பக்கத்தில் அசையாமல் நிற்கிறார்.

"மூச்சு விடுங்க சிஸுரு சான், அது ஒண்ணும் பறந்துடாது."

"பேசாதீங்க இசோகாய் சான், உங்க குரலுக்கே படம் ஆடுது."

குளிர்விக்கும் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. கற்றை படப் பட, நானோகுழாய்கள் தொடும் இடம் மெல்ல நெளிகிறது, கொஞ்சம் வீங்குகிறது. "இன்னும் கொஞ்சம்," என்கிறார் இசோகாய். அவளோ அப்போதே கற்றையை நிறுத்திவிடுகிறாள். அவர் முகம் தொங்கிப்போகிறது. ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அவள் குழாய்கள் வழியே மின்சாரத்தைச் செலுத்துகிறாள்; ஒட்டியிருந்தால் மின்தடை குறையும். மின்தடையைக் காட்டும் எண் சரசரவென்று இறங்கி, ஓரிடத்தில் அப்படியே நிற்கிறது.

"ஒட்டிக்கிச்சு!" அவர் குரல் உடைகிறது. "வலை பின்ன இந்த மாதிரி இன்னும் எத்தனை வேணும்?"

"பத்து லட்சம் இருக்கும்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து, 'ஒன்று' என்று எழுதுகிறாள்.