ஒரு சைபர் குறையுது

"இருபதாயிரமா? இன்னொரு சைபர் எங்கேய்யா போச்சு?"

மேலாளர் போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. தட்டச்சர் மட்டும் தலையைக் குனிந்தபடி நின்றார்.

விஷயம் இதுதான். இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் 'காம்' மாதிரி ஒரு சொல் வருமே, அப்படி ஒரு புதுச் சொல் வேண்டுமென்றால் விண்ணப்பக் கட்டணம் இரண்டு லட்சம் டாலர் என்று, அந்தச் சொற்களை வழங்கும் இந்த நிறுவனத்தின் குழு முடிவு செய்திருந்தது. நேற்று வெளியான அறிவிப்பில் வெறும் இருபதாயிரம். இன்று காலை மேலாளர் கண்ணில் படுவதற்குள் ஒரு விண்ணப்பம் பணத்தோடு வந்து விழுந்துவிட்டது. வாங்கிய பிறகு கூடுதலாகக் கேட்க விதி கிடையாது.

"அனுப்பினது யாரு தெரியுமா? மொத்தமே மூவாயிரம் பேர் பேசுற ஒரு மொழிக்காரங்க. அவங்க மொழிப் பேர்ல முகவரி வேணுமாம். பெரிய கம்பெனிக்காரன் ஒருத்தன்கூடக் கவனிக்கல, இவங்களுக்கு மட்டும் எப்படி மூக்குல வேர்த்துச்சு?"

மேலாளர் மேஜையைச் சுற்றி வந்து தட்டச்சருக்கு நேர் எதிரில் நின்றார்.

"பத்தொன்பது வருஷத்துல நீ ஒரு கமா விட்டதில்லை. சைபரை விடுவியா? எவ்வளவு வாங்கினே?"

தட்டச்சர் தலையை நிமிர்த்தினார். "காசு வாங்கல சார்."

"அப்போ யார் சொல்லிச் செஞ்சே?"

"யாரும் சொல்லல. கை தவறிடுச்சு."

"பச்சைப் பொய்! யோவ், உனக்கு ரெண்டு பொண்ணுங்க படிக்குது. வேலை போனா தெருவுலதான் நிக்கணும். யாருன்னு சொல்லிடு, உன்னை விட்டுடறேன்."

"சொல்ல ஒண்ணுமில்ல சார்."

வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்க மேலாளர் நிறுவனத் தலைவியின் அறைக்குப் போனார். ஒரு காசு குறைக்கச் சொன்னாலும் எரிந்து விழும் மனுஷி. ஆபீசில் அவருக்குப் பேரே 'இரும்பு'.

தலைவி கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் சொல்லலைன்னா சொன்னாரு?"

"ஆமா மேடம். சரியான கல்லுளிமங்கன்."

கடிதம் நாலாகக் கிழிந்தது. மேஜை டிராயரிலிருந்து வேறொரு தாள் வந்தது. அவருடைய ராஜினாமா. தேதி நேற்றையது.

மேலாளர் அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார். "மேடம்... நீங்களா?"

"குழுவுல ரெண்டு லட்சத்துக்கு எல்லாரும் கையைத் தூக்கினாங்க. நானும்தான் தூக்கினேன். அப்புறம் தூக்கமே வரல. அந்த ஜனங்க சேர்த்து வெச்சிருந்ததே இருபதாயிரம்தான். அறிவிப்பு வந்ததும் அவங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னதும் நான்தான்."

"அப்போ அவரு..."

"அவர்கிட்ட ரெண்டே வேலைதான்யா சொன்னேன். ஒரு சைபரை எடுங்க. யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லிடுங்க. மனுஷன் ரெண்டாவதைச் செய்யவே இல்லையே!"