உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி

வீரபாண்டி மூன்றாவது முறையாகத் தன் பெயரை அடித்தார். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று திரையும் மூன்றாவது முறையாகச் சொன்னது.

சொந்தக் கம்பெனியில், சொந்த அறையில், சொந்தச் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டிய பேச்சா அது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் திங்கட்கிழமை ஆர்டர்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் திரை திறந்திருந்தது.

திருச்சுழி ரோட்டில் அவர் நடத்தும் 'வீரா சிறுதானியம்' குதிரைவாலியையும் சாமையையும் பாக்கெட் போட்டு பெங்களூர் வரைக்கும் அனுப்புகிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டார். மேஜைக்கு ஒன்றாக, சோப்பு டப்பா அளவில் சின்னப் பெட்டிகளை வைத்தார்.

அதற்கு ஜீரோ கிளையன்ட் என்று பெயர். உள்ளே ஒன்றும் கிடையாது. எல்லா வேலையும் அவர் அறையில் இருக்கும் சர்வரில் நடக்கும். பெட்டி அதைத் திரையில் காட்டும், அவ்வளவுதான்.

இதை அவர் எல்லோருக்கும் விளக்கினார். விளைந்த சாமையை மூட்டை கட்டி இறக்க வந்த நரிக்குடி சம்சாரியைக்கூட விடவில்லை.

"மூளை பூராம் என் ரூம்ல இருக்கு. வெளிய இருக்கது வெறும் கண்ணும் கையும்தான்."

பெட்டிகளைத்தான் சொல்கிறார் என்று பெண்கள் முதலில் நினைத்தார்கள்.

சர்வருக்குச் சூடு ஆகாது என்று அறைக்கு ஏசி போட்டார். சர்வர் தனியாக இருக்குமே என்று அவரும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏழு பேர் திரையையும் பார்க்கலாம். நாள் முழுக்க அதைத்தான் பார்த்தார். பார்ப்பதற்குப் பெயர் நிர்வாகம்.

போன வெள்ளிக்கிழமை பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் சுகந்தி, ஆர்டர் பக்கத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு மகளின் நம்பரை அடித்தாள். மார்க் வந்து நிற்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

முன்பெல்லாம் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதென்றால் முதலாளி வாயைத் திறக்க வேண்டியிருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு கிளிக். சுகந்தி சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள், வயரை அசைத்துப் பார்த்தாள், பக்கத்தில் கேட்டுப் பார்த்தாள். அரைமணி நேரம் கழித்து அவளுக்கே புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பின்பக்கம் பாக்கெட் போடும் ஷெட்டைப் பார்த்துக்கொள்வது வீரபாண்டியின் மனைவி தங்கலட்சுமி. அந்த வழியாகத்தான் சுகந்தி அழுதுகொண்டே போனாள்.

மறுநாள் மத்தியானம் சோறு போடும்போது தங்கலட்சுமி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மிஷினைப் பற்றித்தான் கேட்டாள்.

"ஏங்க, ஆளைச் சேக்குறதும் எடுக்குறதும் யாரு கையில இருக்கு?"

வீட்டில் ஒருத்தி வாய்விட்டுக் கேட்டுவிட்டாளே! குழம்பு ஆறுவது தெரியாமல் விளக்கினார். ஓனர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சர்வரை மாட்டிய ஹாரிஸ் தன் கடையிலிருந்தே எந்தப் பெயரையும் சேர்ப்பான், எந்தப் பெயரையும் நீக்குவான் என்றார். தங்கலட்சுமி தலையை ஆட்டிக்கொண்டே மோர் ஊற்றினாள்.

இப்போது அவர் நான்காவது முறையும் அடித்தார். எழுத்து எழுத்தாக, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். இல்லை என்றது.

நிமிர்ந்து பார்த்தார். ஆறு பேர் இருக்க வேண்டிய வரிசையில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழாவது ஆள் சுகந்தி.

எழுந்து போய் அவள் முன்னால் நின்றார். "ஒன்னையத்தான் நிப்பாட்டியாச்சே?"

"வரச்சொல்லிப் போன் வந்துச்சு சார். வந்து உக்காந்தேன், தெறந்துருச்சு" என்றாள் சுகந்தி. கை நிற்கவில்லை, பெங்களூருக்கு நாற்பது பாக்கெட் சாமை போய்க்கொண்டிருந்தது. தட்டிக்கொண்டிருந்த மற்ற ஆறு பேரும் திடீரென்று ரொம்ப அக்கறையாகத் தட்டினார்கள்.

அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு ஹாரிஸுக்குப் போன் போட்டார்.

"நேத்துத்தான் அண்ணாச்சி மாத்துனேன். ஓனர் சொன்னபடிதான் செஞ்சிருக்கேன்" என்றான் ஹாரிஸ். "ஒங்களுக்கும் புதுசா ஒரு பேரு போடச் சொல்லிருக்காக. சாயந்தரம் போட்டுருவேன். எல்லாத்தையும் பாக்கலாம். எதையும் அழிக்கத்தான் முடியாது."

"ஏலே, ஓனரு நான்தாம்லே!"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"பில்லுக்காக நீங்க குடுத்த கம்பெனி ரிஜிஸ்டர் காப்பியப் பாத்துட்டுத்தான் அண்ணாச்சி பேசுறேன். இதுல அக்கா பேரு மட்டுந்தான் இருக்கு."

வீரபாண்டி ஏசியைக் கூட்டி வைத்தார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், பெண்கள் பெயரில் கம்பெனி இருந்தால் சலுகை உண்டு என்று யாரோ சொன்னார்கள். அந்த வாரமே தங்கலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதினோரு தாளில் கையெழுத்து வாங்கினார். அதோடு அதை மறந்தும் போனார்.

ஒவ்வொரு தாளையும் அவள் வெகுநேரம் கையில் வைத்திருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போடும் இடம் தெரியாமல் முழிக்கிறாள் பாவம் என்று, அன்றைக்கு அவர்தான் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டியிருந்தார்.