மதுரைக்குப் போன மூக்கு

"இந்தத் துண்டில் நோய் எதுவும் இல்லை" என்று மதுரையிலிருந்து வந்த காகிதத்தை டாக்டர் ராயப்பராஜ் வாசித்தார்.

மூக்கையா நாற்காலியிலிருந்து எழுந்து பெரிய கும்பிடாகப் போட்டான். அவன் மனைவி சிவனம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

மூக்கையாவுக்கு முன் பிறந்த இரண்டும் தங்காததால், எமனுக்கு வேண்டாததாகப் போகட்டும் என்று மூன்றாவதாகப் பிறந்த அவனுக்கு மூக்குக் குத்தி அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். எமன் விலாசம் விசாரித்துக்கொண்டு நேரே மூக்கிலேயே புண்ணாக வந்து உட்கார்ந்துவிட்டான். ஆறு மாதத்தில் உள்ளே பாதியை அரித்துவிட்டது அந்தப் புண்.

எந்தச் செல்லில் ஆரம்பித்த வினை என்று தெரிந்தால்தான், மெட்ராசுக்கு அனுப்பிக் கதிர்க் கரண்டு வைப்பதா மாத்திரை கொடுப்பதா என்று சொல்ல முடியுமாம். டாக்டர் புண்ணிலிருந்து சுண்டல் கடலை அளவுக்கு வெட்டி, பாட்டிலில் மருந்துத் தண்ணீரில் போட்டு, மறுநாள் பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வெட்டும்போது மூக்கையா போட்ட சத்தம் மலைக்கோட்டை வரை கேட்டிருக்கும்.

வீட்டில் பாட்டிலைத் திறந்து பார்த்த சிவனம்மாளுக்கு நாற்றம் குமட்டியது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். கறியைக் கெடாமல் வைக்க அவளுக்கா தெரியாது? தண்ணீரைக் கொட்டிவிட்டு, துண்டில் உப்பும் மஞ்சளும் தடவி, உப்புக்கண்டம் போலக் கூரைமேல் வெயிலில் வைத்தாள்.

காக்கா வந்தது.

அடுப்படியில் ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிய ஆட்டுத்தலை இருந்தது.

"களிம்பு எழுதித் தாரேன், தடவுங்க" என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் அவள் மானம் தப்பும். புருஷன் தப்ப மாட்டான்.

"அது இவுக மூக்கு இல்லய்யா" என்றாள் சிவனம்மாள். "ஆட்டு மூக்கு."

பேனா நின்றது. வாசல்வரை போய்விட்ட மூக்கையா திரும்பி வந்தான். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"காக்கா தூக்கிட்டுப் போனதை நானும் பாத்தேன். குழம்புல மூக்கு இல்லாததையும் பாத்தேன்" என்றான் அவன். "சொன்னா மறுபடி வெட்டுவாகளேன்னுதான் கம்முனு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை அண்ணாந்து காட்டினான். ஒரு கை மட்டும் அவள் முந்தானையை விடவே இல்லை.